மூன்று நாள் பழம் கூடாது

சீட்டில் எழுதியிருந்தது:
வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய்
மூன்று நாள் தொடக்கூடாது.
மட்டி, பேயன், செந்துளுவன், ஏத்தன்
குலசேகரம் சந்தையில் குலைகுலையாய்த் தொங்க
குனிந்த தலை நிமிராமல் நடந்தேன்,
கடன் கொடுத்தவன் வாசலைக் கடப்பதுபோல.

இரண்டு வருஷமாய் முகம் சிவக்கிறது.
ஆலயக் கமிட்டியில் கணக்கு வாசிக்கையில்
கழுத்திலிருந்து ஏறும்,
தாடை, காது, நெற்றி.
உள்ளிருந்து யாரோ திரியைத் தூண்டுகிறார்கள்.
செயலாளர் யோவேல் பக்கத்து ஆளிடம்
"ரசலையனும் தொடங்கியாச்சு" என்றார்.
கள்கூடத் தொட்டதில்லை நான்.
கமலபாய் இரவில் என் வாயை முகர்ந்தாள்.
"கல்யாணத்தன்னைக்கே செவக்காத மூஞ்சி
இப்பம் எவளக் கண்டு செவக்குது?"

முகம் அடங்கினால் வயிறு.
வெட்டிக்கொண்டிருந்த மரத்தைப் பாதியில் விட்டு
நெற்றி விளக்கோடு ஓடியிருக்கிறேன்.
நானூறு ரப்பரில் எதன் பின்னால் மறைவு என்று
இருட்டிலும் சொல்வேன்.

மார்த்தாண்டத்து டாக்டரம்மா
சீட்டின் முதுகில் படம் வரைந்தார்.
குடலின் உட்சுவரில்
உணவை உறிஞ்சும் கூட்டத்துக்கு நடுவே
அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சில செல்கள்;
பாதி நரம்பு, பாதி சுரப்பி.
சோறு உரசினால் ஒரு சொட்டு விடும்,
அந்தச் சொட்டில் குடல் அசையும்.
அதில் ஒன்று அளவு மறந்து
பெருகிப் பெருகி...
"கல்லீரல் ஒரு செக்போஸ்ட்.
குடல்லேருந்து வர்ற சரக்கை அங்க பிடிச்சிரும்.
உங்க ஆளு செக்போஸ்டுக்குள்ளேயே
கடை போட்டாச்சு."
எனக்குக் களியக்காவிளை தெரிந்தது,
வரிசையில் நிற்கும் கோழி லாரிகளும்
கையைக் காட்டிவிட்டு நிற்காமல் போகும் ஒரு வண்டியும்.

பிறகு கேன். ஐந்து லிட்டர்.
ஒரு பகல், ஒரு ராத்திரி, துளி சிந்தாமல்.
அடியில் ஆசிட் விட்டுத் தந்திருந்தார்கள்.
ஆசிட் எனக்குப் புதிதா?
பால் உறைய தட்டுக்கு இவ்வளவென்று
நானே கலக்குகிறவன்.
இது உறையவில்லை.
துணிக்கடைப் பையில் வைத்து
மடியில் பிடித்துக்கொண்டு போனேன்.
திருவட்டாறு தாண்டியதும் கண்டக்டர்,
"ரப்பர் பாலா வோய்? நாறும், பின்னால வையும்."
"பால்தான்" என்றேன்.
சிவந்தது. நோயா வெட்கமா என்று
எனக்கே பிடிபடவில்லை.

எட்டுக்குள் இருக்க வேண்டியது
அறுபத்திநாலு.

கீறினால்தான் மரம் பால் விடும்.
வெயில் ஏறுமுன் தன் காயத்தைத் தானே அடைத்துக்கொள்ளும்.
ஒருநாள் வெட்டினால் மறுநாள் விடுவேன்.
அடைமழைக்கு லீவு,
இலை உதிர்த்து நிற்கும் மாசிக்கு லீவு.
என் உள்ளே கத்தி வைத்தவன் யாருமில்லை,
சிரட்டை வழிகிறது
ஆனி மழையிலும்.

இருபத்தெட்டு நாளுக்கு ஓர் ஊசி.
கெட்டி மருந்து, நர்ஸ் மெல்ல அழுத்துவாள்.
ஒவ்வொரு செல்லின் வாசலிலும் போய் நின்று
போதும் என்று சொல்லுமாம் அது.
கேட்கின்றன, பெரும்பாலும்.
"மெதுவா வளர்றதுதான், வருஷக்கணக்கா ஓட்டலாம்."
எத்தனை வருஷம் என்று அவர் சொல்லவில்லை.
ரப்பர் விலை பற்றியும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

கேனைக் கொடுத்த கையோடு
பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றபடி
ஆறு மட்டிப்பழம் தின்றேன்.
ஏழாவதை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ரிப்போர்ட்டை யோவேலிடம் காட்டச் சொன்னாள் கமலபாய்.
நான் போகவில்லை; அவளே போனாள்.
அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
இரண்டு தடவை வாசித்தாராம்.
"அப்பம் ஒடம்பே காய்ச்சுதா?"
சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய.

ஊசிக்கு நாலைந்து நாள் இருக்கையில்
இப்போதும் லேசாய் ஏறும்.
கமலபாய் கிட்டே வருவாள்,
பழையபடி முகர்வாள்,
ஒன்றும் சொல்லாமல்
என் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டு
உலை பார்க்கப் போவாள்.